லூர் அப்புறம் வாங்கலாம், முதலில் தூண்டில் நரம்பை மாற்றுங்கள்

பக்கத்தில் நின்ற நண்பர் ஒரு மணி நேரத்தில் நாலு பாஸ் மீன் பிடித்துவிட்டார், எனக்கு ஒன்றுகூட இல்லை. இருவரும் போட்டது ஒரே பாக்கெட்டில் இருந்து எடுத்த பச்சைப் பிளாஸ்டிக் புழு, ஒரே அளவு முள், தண்ணீரில் சாய்ந்து கிடந்த ஒரே மரத்தின் இரண்டு பக்கம். கடைசியில் பாவம் பார்த்துத் தன் ராடை, அதாவது தூண்டில் கோலை, என் கையில் கொடுத்தார். மூன்றாவது வீச்சில் மீன் வந்தது. அவருடைய ராடு என்னுடையதைவிட உசத்தி ஒன்றும் இல்லை, ரீலும் அதே 2500 அளவுதான். நரம்புதான் வேறு. என் ரீலில் இருந்தது இரண்டு வருஷப் பழைய தங்கூசி (நைலான் நரம்பு), கழற்றினால் சுருள் சுருளாக நிற்கும். அவருடையதில் மஞ்சள் பிரெய்ட் (இழைகளைப் பின்னிய நரம்பு), நுனியில் ஃப்ளூரோகார்பன் என்ற இன்னொரு வகை நரம்பு. என் புழுவையும் மீன் வாயில் எடுத்துப் பார்த்துத் துப்பிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். அது எனக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு சீசன் முழுக்க மூன்று வகை நரம்பையும் கையில் இருந்த லூர்களையும் (செயற்கை இரைகளையும்) மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அந்த அனுபவம்தான் இது. நான் பாஸ் என்று சொல்வது லார்ஜ்மவுத் பாஸை, நன்னீர் மீன். கொடுவாவையும் சீ பாஸ் என்று சொல்வார்கள், அது வேறு குடும்பம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தங்கூசியில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நைலான், மெத்தென்று இருக்கும், முடிச்சு நன்றாகப் பிடிக்கும், சிக்கு விழுந்தாலும் பிரித்துவிடலாம். குறை என்னவென்றால் நீளும். அறுவதற்கு முன் தன் நீளத்தில் 20 சதவீதத்துக்கு மேலேயே நீளக்கூடிய பொருள் அது. இருபது மீட்டர் தள்ளி ஒரு மீன் புழுவை லேசாக உறிஞ்சினால் அந்தச் சேதி வழியிலேயே கரைந்துவிடும். தண்ணீரை உறிஞ்சுவதால் ஊறிய பிறகு பலமும் கொஞ்சம் குறையும், வெயிலில் கிடந்தால் சீக்கிரம் கெடும். ஆனால் இந்த நீளும் குணமே சில இடத்தில் வரம்: கிராங்க்பைட் (இழுத்தால் முங்கி ஓடும் லூர்) மாதிரி மும்முனை முள் போட்ட லூரில் மீன் துள்ளித் தலையை உதறும்போது நரம்பு கொஞ்சம் கொடுத்து வாங்கினால்தான் முள் கழன்று போகாது. தண்ணீர் மேல் ஓடும் லூருக்கும் நான் இன்னும் தங்கூசிதான் போடுகிறேன், அது சட்டென்று மூழ்கி லூரின் மூக்கைக் கீழே இழுக்காது.

ஃப்ளூரோகார்பனைப் பற்றி விளம்பரம் சொல்வது ஒன்று, அதன் உண்மையான உபயோகம் வேறு. தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது என்பார்கள். ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42 சுமார், நைலானுக்கு 1.5க்கு மேல். ஆக நைலானைவிடக் குறைவாகத் தெரியும், மாயமாகவெல்லாம் மறையாது. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் அதன் எடை. தண்ணீரைப்போல் 1.78 மடங்கு அடர்த்தி, அதனால் மூழ்கும், மூழ்கி லூருக்கும் ராடுக்கும் இடையே ஓரளவு நேராகக் கிடக்கும். தண்ணீரை உறிஞ்சாது, கல்லில் மரத்தில் உரசினாலும் நன்றாகத் தாங்கும். ஆனால் முழு ரீலையும் இதாலேயே நிரப்பியது என் தப்பு. ஸ்பின்னிங் ரீலில் விறைப்பாக நின்று, வீசுவதற்காக ரீலின் கம்பியைத் திறந்ததும் ஸ்பூலிலிருந்து (நரம்பு சுற்றியிருக்கும் உருளையிலிருந்து) குதித்து வந்தது. முடிச்சிலும் மூன்று தடவை அறுந்தது, நல்ல மீன் இரண்டு அதில் போயிற்று. முதலில் அந்தக் கம்பெனியைத்தான் திட்டினேன். அப்புறம்தான் புரிந்தது, காய்ந்த முடிச்சை வேகமாக இழுத்து இறுக்கும்போது உரசல் சூட்டில் ஃப்ளூரோகார்பன் அந்த இடத்திலேயே பலவீனமாகிவிடும். எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இறுக்க ஆரம்பித்ததில் இருந்து அந்தத் தொல்லை இல்லை.

பிரெய்ட் என்பது பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது. நீளவே நீளாது என்று சொல்லிவிடலாம், அதே பலத்துக்கு மிக மெல்லியது, வருஷக்கணக்கில் உழைக்கும், தண்ணீரில் மிதக்கும். வாங்கும்போது எவ்வளவு பாரம் தாங்கும் என்ற பவுண்டு கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். ஜப்பான் அளவில் பி.ஈ. 1 என்றால் 0.165 மி.மீ., அந்த மாதிரி அளவில் வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. குறைகளும் உண்டு. தெளிந்த தண்ணீரில் கயிறு மாதிரி தெரியும், மரக்கிளையில் அறுத்துக்கொண்டு இறங்கிச் சிக்கிக்கொள்ளும், காற்றில் தளர்வாகச் சுற்றினால் அடுத்த வீச்சில் ஒரு கொத்தாக வெளியே வரும். இந்தக் கடைசித் தொல்லைக்கு மருந்து எளிது: வீசிய பிறகு ரீலின் கம்பியைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூட வேண்டாம், மூடியதும் நரம்பை விரலால் ஒரு இழுப்பு இழுத்து இறுக்குங்கள்.

இப்போது என் ரீலில் இருப்பது 10 பவுண்டு மஞ்சள் பிரெய்ட், நுனியில் 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் இரண்டு மீட்டர். ராடு ஏழு அடி என்பதால் இரண்டையும் சேர்க்கும் முடிச்சு ரீலுக்குள் போகாமல் வளையங்களுக்கு நடுவிலேயே நிற்கும். எஃப்.ஜி. முடிச்சு மெலிதானது, அழகானது, ஆனால் காற்றில் ஆடும் படகில் உட்கார்ந்து அதைப் போடுவதற்குள் பொழுது போய்விடும். நான் டபுள் யூனிதான் போடுகிறேன், முள்ளுக்கு பாலோமர். 8 பவுண்டு போதுமா என்று கேட்பவர்களுக்கு: உலக சாதனை மீனே 10 கிலோ சுமார்தான். 1932ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது அதைவிட ஒரு அவுன்ஸ்கூட அதிகம் இல்லை, அதனால் சமன் என்றுதான் பதிவு. நமக்கு வருவது ஒன்று, ஒன்றரைக் கிலோ. டிராகை (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை) நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். திறந்த தண்ணீரில் மட்டும்தான் இந்தக் கணக்கு. பாசிக்காட்டுக்குள் போனால் வேறு கதை, அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, லூருக்கு வருவோம். ஒன்றே ஒன்றுதான் எடுத்துப் போகலாம் என்றால் அந்தப் பச்சைப் புழுவைத்தான் எடுப்பேன். ஐந்து அங்குல நேர்ப் புழு, கேரி யமமோட்டோ கொண்டுவந்த சென்கோ என்ற லூரால் பிரபலமான வடிவம், இப்போது பலரும் செய்கிறார்கள். பார்த்தால் பேனா மாதிரி இருக்கும், வால் இல்லை, செதில் இல்லை, கையில் வைத்துப் பார்த்தால் இதற்கா காசு கொடுத்தோம் என்று தோன்றும். உள்ளே உப்பு கலந்திருப்பதால் ஈயம் இல்லாமலே மூழ்கும், மூழ்கும்போது இரண்டு முனையும் மெல்ல நடுங்கும். முழு வித்தையும் அந்த நடுக்கத்தில்தான் இருக்கிறது. நாம் ராடை ஆட்டி எதுவும் செய்யத் தேவையில்லை, செய்தால் கெடும்.

வீசுங்கள், நரம்பைத் தளர விடுங்கள், புழு தானாக இறங்கட்டும். இறுக்கிப் பிடித்தால் ஊசல் மாதிரி உங்களை நோக்கி வந்துவிடும், மீன் இருக்கும் மரத்தடியை விட்டு விலகிவிடும். பத்து எண்ணுங்கள், ராடை லேசாகத் தூக்கி மறுபடி இறங்க விடுங்கள், மூன்று தடவை இப்படிச் செய்து ஒன்றும் இல்லை என்றால் எடுத்து வேறு இடம். பெரும்பாலான கடி முதல் இறக்கத்திலேயே வரும். ஆனால் நரம்பு தளர்ந்து கிடக்கும்போது கடி கைக்குத் தெரியாது, கண்ணுக்குத்தான் தெரியும். பாஸ் கடித்து இழுக்கிற மீன் இல்லை, வாயைத் திடீரென்று அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும், பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பும். அந்த ஒரு நொடியில் தண்ணீர் மேல் கிடக்கும் நரம்பு சின்னதாகத் துள்ளும், அல்லது பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும், சில நேரம் புழு தரையைத் தொடும் முன்பே இறங்குவது நின்றுவிடும். மஞ்சள் பிரெய்ட் எதற்கு என்று இப்போது புரியும், அது மீனுக்காக இல்லை, நமக்காக. துள்ளியதும் தளர்வைச் சுற்றி எடுத்து, பாரம் தெரிந்ததும் ராடைப் பக்கவாட்டில் இழுங்கள், ஓங்கி வெட்ட வேண்டாம்.

முள் போடுவதில் இரண்டு முறை. புழுவின் நடுவில் குறுக்காகக் குத்தினால் வாக்கி ரிக், இரண்டு பக்கமும் துடிக்கும், அதிக மீன் தருவது இதுதான். குறை, ஒரு மீனுக்கு ஒரு புழு கிழியும், உப்பு அதிகம் உள்ள மெத்தென்ற புழுக்கள் எல்லாமே அப்படித்தான். நடுவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி அதற்குள் முள்ளைக் கோத்தால் நாலைந்து மீன் வரை வரும். கிளையும் பாசியுமாக இருந்தால் டெக்சாஸ் ரிக்: 4/0 வளைமுள், நுனியைப் புழுவின் தோலுக்குள் ஒளித்துவிட வேண்டும். கொஞ்சம் ஆழம் என்றால் முன்னால் தோட்டா வடிவ எடை. இதில் டங்ஸ்டன் வாங்குங்கள் என்று சொல்வேன். ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டன் 19.3, அதனால் அதே எடைக்குச் சின்னதாக இருக்கும், கடினமானதும்கூட, கீழே கிடப்பது கல்லா சேறா என்று கைக்கே தெரியும்.

மற்ற லூர்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கலங்கிய தண்ணீர், காற்று அடிக்கும் நாள் என்றால் ஸ்பின்னர்பைட், சுழலும் தகட்டின் அதிர்வை மீன் உடம்பாலேயே உணரும், பெரிதாக யோசிக்காமல் வீசி இழுத்தால் போதும். சதுர அலகு (முன்னால் நீட்டிய தகடு) கிராங்க்பைட் எனக்கு இரண்டாவது செல்லம். அதை மரத்தில் கல்லில் வேண்டுமென்றே மோதவிடுங்கள், மோதியதும் ஒரு நொடி நிறுத்துங்கள், பாதி மீன்கள் அந்த நொடியில்தான் அடித்தன. தவளை லூருக்குப் பாசிக்காட்டில் 50 பவுண்டு பிரெய்ட், நேராக லூரிலேயே கட்டுங்கள், ஃப்ளூரோகார்பன் வேண்டாம். தண்ணீர் வெடித்ததும் இழுத்துவிடத் துடிக்கும், இழுக்காதீர்கள், பாரம் தெரியும் வரை பொறுங்கள், நான் பறிகொடுத்த தவளை மீன்கள் எல்லாம் அந்த அவசரத்தில் போனவை. நிஜ மீன் மாதிரியே செதில் செதிலாக வரைந்த, உடம்பு நாலு துண்டாக ஆடும் ஒரு பெரிய லூரும் வாங்கினேன், பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள், மீனிடம் இருந்து மட்டும் ஒரு பதிலும் இல்லை.

நிறத்துக்காகப் பத்து பாக்கெட் வாங்காதீர்கள். பாஸின் கண்ணில் சிவப்பையும் பச்சையையும் உணரும் இரண்டு வகைக் கூம்புச் செல்கள்தான் உண்டு. கறுப்பையும் கருநீலத்தையும் அது குழப்பிக்கொள்ளும், எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும் அப்படித்தான். தெளிந்த தண்ணீருக்கு ஒரு மங்கல் பச்சை, கலங்கலுக்கு ஒரு கறுப்பு, போதும். இன்னொன்று, எலாஸ்டோமர் வகை நீளும் புழுக்களைச் சாதாரணப் புழுக்களோடு பெட்டியின் ஒரே அறையில் போட்டுவைக்காதீர்கள், ஒன்றை ஒன்று உருக்கிவிடும். நான் ஒரு கோடை முடிந்து பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது பச்சைக் களி.

தண்ணீர் குளிர்ந்துவிட்டால் எல்லாவற்றையும் பாதி வேகத்தில் செய்யுங்கள், அதன் உடம்பு தண்ணீரின் சூட்டில்தான் ஓடுகிறது. 15 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கரையோரம் வந்து முட்டையிடத் தொடங்கும், அப்புறம் கூட்டைக் காப்பது ஆண் மீன். அந்த நாட்களில் அது எதைப் போட்டாலும் அடிக்கும், அதனாலேயே நான் போடுவதில்லை, ஆளுக்கு ஆள் கருத்து மாறும்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நுனி நரம்பை விரல்களுக்கு நடுவே விட்டு உருவிப் பாருங்கள். பாஸின் பற்கள் உப்புத்தாள் மாதிரி, வெட்டாது, ஆனால் சொரசொரப்பாக்கிவிடும், அந்த இடத்தோடு ஒரு சாண் வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சு போடுங்கள். அந்த இரண்டு வருஷத் தங்கூசியை நான் தூக்கிப்போடவில்லை. வெற்று ஸ்பூலில் பிரெய்ட் வழுக்கிச் சுற்றும், அதைத் தடுக்க அடியில் பத்துப் பதினைந்து சுற்று நைலான் வேண்டும். அதே ரீலில்தான் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அடியில்.