முதுமாணி: வேலையோடு இங்கேயா, லீவு எடுத்து லண்டனிலா?

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வார்டில் வேலை செய்யும் தாதியத் தங்கச்சிமார் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: முதுமாணிப் பட்டத்தை (மாஸ்டர்ஸ்) எங்கே படிப்பது?

பிரித்தானியாவில் முதுமாணி பெரும்பாலும் ஒரே வருடம். நூலகம், ஆய்வு நெறிகள், வேறு நாட்டுத் தாதியரோடு பழக்கம் எல்லாம் கிடைக்கும். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று: அந்தப் பட்டம் மட்டும் உங்களை அங்கே தாதியாக்காது. பதிவுக்குக் கணினிப் பரீட்சை, பிறகு ஓஸ்கி எனும் செய்முறைப் பரீட்சை, அதோடு ஆங்கிலத் தகுதி; ஐஈஎல்டிஎஸ் எனும் ஆங்கிலப் பரீட்சை என்றால் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7. காணியை ஈடு வைத்துப் போகமுன் இதை அம்மா அப்பாவுக்கும் விளங்கப்படுத்துங்கோ.

நாட்டுக்குள் படித்தால் சம்பளம் நிற்காது, உடம்புதான் களைக்கும். கொழும்பில் வார இறுதி வகுப்பென்றால் இரவு பஸ்ஸில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர், திரும்பி வந்ததும் டியூட்டி. சேரமுன் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில், அதாவது பட்டங்களைத் தரப்படுத்தும் படிவரிசையில், அது எந்த மட்டம் என்று பாருங்கோ: பாடநெறி மட்டுமுள்ள முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்தது 10. விரிவுரையாளராகவோ கலாநிதிப் பட்டத்துக்கோ யோசிப்பவர் 10ஐயே எடுக்கவேணும்.

எனக்கு இங்கே படிப்பதில்தான் மனம். நீரிழிவுக் கால்புண்ணோடு வரும் ஐயா ஏன் இவ்வளவு பிந்தி வந்தார் என்பதை, அவர் பேசும் தமிழிலேயே கேட்டு ஆராயலாம். குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறத் தீர்மானித்தவருக்கு மட்டும் லண்டன் கணக்குச் சரிவரும்.