"ஏலத் தலைப்பு எழுதித் தருகிறேன்" என்று வருகிறவரிடம் காசு கட்டாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்துத் தமிழ் வாட்சாப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. பழைய சாமான் இருந்தால் ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தின் ஏலத்தில் தலைப்பு எழுதி ஏற்றித் தருகிறாராம், ஒரு பொருளுக்கு 15 ரிங்கிட், தேடலில் முதல் இடம் உத்தரவாதமாம். நான் காசு கட்டினேன். நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய காலத்துத் தகரப்பெட்டி ஒன்று, லயத்தைக் காலி செய்து டவுனுக்கு வந்தபோது கூடவே வந்தது. உள்ளே மலாயா காலத்துச் சில்லறை, தாத்தா வைத்திருந்த ஜப்பான் காலத்து வாழைமர நோட்டுகள், அப்பாவின் சீக்கோ 5 கைக்கடிகாரம், மாமாவின் டிட்டோனி கைக்கடிகாரம். "வித்துட்டு கூரைய மாத்துப்பா" என்று அப்பாவே சொல்லிவிட்டார். அந்த ஆளைக் கூப்பிட்டேன். கோப்பிக் கடைக்கு வந்தார், என் லேப்டாப்பிலேயே தட்டினார், தே தாரேக் டீ ஆறுவதற்குள் நோட்டுக்குத் தலைப்பு மட்டும் எழுதி வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஏற்றினார், காசை டூயிட்நவ் என்ற வங்கிப் பரிமாற்றத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரசீது கேட்டதற்குச் சிரித்தார்.

சீக்கோவுக்கு அவர் வைத்த தலைப்பு: "வாவ்! லுக்! மிக அரிது! சூப்பர் பழைய வாட்ச்", கடைசியில் கம்பெனி பெயர், அதிலும் ஆங்கில எழுத்து இரண்டு இடம் மாறி. ஈபேயில் தலைப்புக்கு இருப்பது இடைவெளியையும் சேர்த்து 80 எழுத்து. அதில் பாதியை ஆச்சரியக்குறியும் வாவ்வும் தின்றுவிட்டன. கடிகாரம் வாங்க வருகிறவன் எவனாவது தேடல் பெட்டியில் வாவ் என்று அடிப்பானா? அவன் அடிப்பது கம்பெனி பெயர், மாடல் எண், ஆட்டோமேட்டிக்கா இல்லையா, ஓடுகிறதா, இவ்வளவுதான். மாடல் எண் கடிகாரத்தின் பின்மூடியிலேயே இருந்தது, 7009 என்று தொடங்கி. அங்கேயே இருக்கும் தொடர் எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம், அதை வைத்துக் காலத்தையும் ஓரளவு சொல்லலாம். இந்த ஆள் மூடியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

எழுத்துப்பிழை இன்னும் மோசம். பிழையான தலைப்புகளையே தேடிப் பிடித்து மலிவாக அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கென்றே தேடுதளங்களும் உண்டு. ஆரம்ப விலையை 99 சென்ட் என்று இவரே வைத்திருந்தார். ஒருவர் கேட்டார். பிழையைத் திருத்தப் போனால், ஏலத்தில் ஒருவர் விலை கேட்டுவிட்ட பிறகு தலைப்பைத் தொட முடியாதாம். வேறு யாரும் வரவில்லை. அப்பா கையில் கிடந்த கடிகாரம் ஒரு டாலருக்கும் குறைவாகப் போனது, பார்சலுக்கு நான் கட்டியது அதைவிடப் பல மடங்கு.

அடுத்தது பெட்டியில் இருந்த மலாயா 20 காசு நாணயம். அரசர் ஆறாம் ஜார்ஜ் தலை போட்டது, 1948ஆம் ஆண்டு. தலைப்பில் "மலேசியா வெள்ளி நாணயம்" என்று எழுதியிருந்தார், ஆண்டே இல்லை. 1939, 1943, 1945இல் அடித்த 20 காசில்தான் வெள்ளி கலப்பு உண்டு. 1948லும் 1950லும் வந்தது செம்பு நிக்கல். மலேசியா என்ற நாடே 1963இல்தான் வந்தது, இந்தக் காசைச் சேர்க்கிறவர்கள் மலாயா என்று தேடுவார்கள், மலேசியா என்று இல்லை. ஆண்டும் மலாயாவும் தலைப்பில் இருந்திருந்தால் சரியான ஆள் தானே வந்திருப்பார். வந்தது வெள்ளி என்று நம்பிய இங்கிலாந்துக்காரர். விவரித்தபடி இல்லை என்று புகார் போட்டார், அவர் பக்கம்தான் நியாயம். முழுக்காசையும் திருப்பிக் கொடுத்து, அது திரும்பி வரும் தபால் செலவையும் நானே கட்டினேன்.

மாமாவின் டிட்டோனி தலைப்பில் "ரோலெக்ஸ் ஒமேகா மாதிரி" என்று சேர்த்திருந்தார். பொருளில் இல்லாத கம்பெனி பெயரைத் தலைப்பில் போடுவது, "மாதிரி" என்று ஒட்டிப் போட்டாலும், ஈபே விதிப்படி தேடலை ஏமாற்றுவது. பட்டியலைத் தூக்கிவிட்டார்கள், என் கணக்கில் புதிதாக எதுவும் ஏற்ற முடியாதபடி கட்டுப்பாடும் வந்தது. டிட்டோனிக்கு எதற்கு ரோலெக்ஸ்? அந்தக் காலத்தில் டிட்டோனி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் தனி மரியாதை. அந்தப் பெயரே போதும்.

வாழைமர நோட்டு அந்தக் கட்டுப்பாடு வந்ததால் தப்பியது. அதற்கும் "மிக அரிது" என்றுதான் எழுதி வைத்திருந்தார். ஜப்பான்காரன் மூட்டை மூட்டையாக அடித்த 10 டாலர் நோட்டு, பாதி வீட்டில் கிடக்கும். நோட்டில் அச்சிட்ட எழுத்துக்குறி எம் என்று தொடங்கினால் மலாயா, பி என்றால் பர்மா அல்லது பிலிப்பைன்ஸ், ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு பி. தலைப்பில் அந்த எழுத்தையும் நோட்டின் நிலையையும் போட்டாலே சேகரிப்பவருக்குப் புரிந்துவிடும்.

தேடலில் முதல் இடம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, தலைப்பு மட்டுமல்ல, விலை, தபால் செலவு, விற்பவரின் வரலாறு எல்லாம் அதில் சேரும். போன் அடித்துக் கேட்டேன். "மார்க்கெட் டவுன்லா அண்ணே" என்றார், அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

காசு கட்டுமுன் வங்கிக் கணக்கு எண்ணையும் போன் நம்பரையும் மோசடிப் புகார் உள்ள எண்களைக் காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள், இலவசம். நான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன், கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. ரசீது இல்லாவிட்டாலும் டூயிட்நவ் சீட்டும் வாட்சாப் பேச்சும் இருக்கின்றன, இரண்டையும் இணைத்தேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. அதே விளம்பரம் போன வாரம் வேறு நம்பரில் தைப்பிங் குழுவில் வந்ததாக ஓர் அக்கா அனுப்பினார், இப்போது 25 ரிங்கிட்டாம். அந்த ஆளிடம் கட்டி ஏமாந்தவர்கள் சீட்டை அழிக்காமல் எனக்குத் தனியாக எழுதுங்கள்.