லேப்டாப் பேட்டரி: 100 சதவீதம் என்றதை நம்பி ஏமாந்தவன் எழுதும் யுபவர் விமர்சனம்

செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கி உபுண்டு என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன். "பேட்டரி புதுசு மாதிரி சார்" என்று சொல்லித்தான் கடைக்காரர் தலையில் கட்டினார். மூலையில் 100 சதவீதம் காட்டுகிறதே என்று பிளக்கைப் பிடுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் படுத்துவிடுகிறது. பேட்டரியே சுருங்கிப்போயிருந்தால் அதில் நிரம்புகிற மட்டும் நிரம்பினாலும் 100தானே, அந்த ஐகான் எங்கே உண்மையைச் சொல்லப்போகிறது.

சரி என்று, கட்டளைகளை டைப் செய்கிற டெர்மினலைத் திறந்தேன். முதலில் ஏசிபிஐ, பேட்டரி நிலையைச் சொல்கிற ஒரு கட்டளை. தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும், சின்ன பேக்கேஜ்தான். சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா, எத்தனை சதவீதம், இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும், எல்லாம் ஒரே வரியில். அந்த நேரக் கணக்கை மட்டும் ரொம்ப நம்பாதீர்கள், அந்த நொடியில் இழுக்கிற மின்சாரத்தை வைத்துச் சொல்வதால் வீடியோ ஒன்றைத் திறந்ததுமே பாதியாகிவிடும்.

எனக்குப் பிடித்தது யுபவர், இதுவும் பேட்டரி விவரம் சொல்கிற கட்டளைதான். உபுண்டுவில் வழக்கமாக வருகிற க்னோம் டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். யுபவர் மைனஸ் டி என்று அடித்தால் வயர்லெஸ் மவுஸ் பேட்டரி வரை எல்லாவற்றையும் கொட்டும், நமக்கு வேண்டியதை உருட்டித் தேட வேண்டும், அதுதான் குறை. அதில் எனர்ஜி ஃபுல் டிசைன் என்பது புதிதில் எவ்வளவு பிடிக்கும் என்ற கணக்கு, எனர்ஜி ஃபுல் இன்றைக்குப் பிடிப்பது. எனக்கு வந்தது 48 வாட்-மணிக்கு 31.2 வாட்-மணி, கீழே கெபாசிட்டி 65 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு போயே போச்சு.

இதைச் சரிபார்க்கலாம் என்று ஹார்ட்வேர் விவரங்களை லினக்ஸ் ஃபைல்களாகக் காட்டும் சிஸ் டைரக்டரிக்குள் கிளாஸ், பவர் சப்ளை, பேட் ஜீரோ என்று நுழைந்தால் அங்கேயும் கெபாசிட்டி என்று ஒரு ஃபைல், திறந்தால் 100! அரை மணி நேரம் மண்டை காய்ந்த பிறகுதான் புரிந்தது, அங்கே கெபாசிட்டி என்றால் இப்போதைய சார்ஜ், யுபவரில் அதே சொல்லுக்கு பேட்டரியின் ஆரோக்கியம். யார் வைத்த பெயரோ. பக்கத்திலேயே எத்தனை தடவை சார்ஜ் ஏறி இறங்கியது என்று சொல்லும் சைக்கிள் கவுன்ட் என்ற ஃபைலும் உண்டு, என் மெஷினில் அது 0 என்கிறது, பழைய பேட்டரிக்கு ஒரு தடவைகூட சார்ஜ் ஏறவில்லையாம். சில லேப்டாப்களில் ஃபர்ம்வேர், அதாவது மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கும் சாஃப்ட்வேர், அந்த எண்ணைத் தருவதே இல்லை, அதனால் 0 வந்தால் சந்தோஷப்பட வேண்டாம்.

ஸ்கிரீன்ஷாட்டோடு கடைக்குப் போனேன், "அதெல்லாம் சாஃப்ட்வேர் தப்பு சார்" என்றார். அடுத்த தடவை இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் உபுண்டு லைவ் எடுத்துக்கொண்டு போய், பணத்தை எடுப்பதற்கு முன்பே அவர் கண் முன்னால் யுபவர் அடித்துப் பார்க்கப்போகிறேன்.