சீட்டுக் கீலுக்கு “புஷ் போட்டாச்சு” என்று சொன்னால் அப்படியே வாங்கி வராதீர்கள்

மதுரைப் பக்கம் பத்மினி, அம்பாசடர், ஹெரால்டு என்று பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு: முன் சீட்டின் சாய்மானக் கீல் ஆடுகிறது என்றால் அதைக் கழற்றிப் பட்டறையில் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அம்பாசடர் 2014-லேயே நின்றுபோனது, பத்மினி அதற்கும் முன்பே. புதுக் கீல் கிடைக்காது என்பது பட்டறைக்காரருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில் நடக்கும் ஏமாற்று வேலை இது.

ஊருக்குள் ஒரு பட்டறையில் ரிப்பேர் செய்து வாங்கிய ஒரு ஜோடி கீல் மறுபடியும் ஆட ஆரம்பித்ததும் பிரித்துப் பார்த்தோம். பில்லில் இருந்தது: கன்மெட்டல் (செம்பு, வெள்ளீயக் கலவை) புஷ், அதாவது ஓட்டைக்குள் உட்காரும் சிறு குழல், 4; புதுப் பின் (கீலின் அச்சுக் கம்பி) 2; லேத் (கடைசல்) கூலி. கறுப்புப் பெயிண்டைச் சுரண்டியதும் தெரிந்தது வேறு. புஷ் ஒன்றுகூட இல்லை. தேய்ந்து நீள்வட்டமான ஓட்டைக்குள் டப்பாத் தகட்டை வெட்டிச் சுருட்டித் திணித்திருந்தார்கள். பின்னுக்குப் பதில் முழு நீளத்துக்கும் மரை ஓடிய சாதா 8 மிமீ போல்ட். தலையில் ஒரு பொட்டு வெல்டிங், மேலே பெயிண்ட். அவ்வளவுதான் லேத் வேலை!

மரை உள்ள போல்ட் ஏன் கூடாது என்றால், ஓட்டையின் சுவரைத் தொடுவது மரையின் முகடு மட்டும்தான். பாரம் அந்த மெல்லிய கோட்டில் விழுந்து, அரம் போல ஓட்டையை அறுத்துக்கொண்டே போகும். சுருட்டிய தகடு சில வாரத்தில் நசுங்கி வெளியே வந்துவிடும். அதைவிடக் கெடுதல், பழைய பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கியது. கீலின் இரும்புப் பட்டை வளைந்து, சாய்மானத்தைப் பிடித்து நிறுத்தும் ரெக்ளைனர் பற்கள் ஒன்றோடொன்று முழுதாகப் பதியாமல் நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. பிரேக் அடிக்கும்போது சாய்மானம் நழுவ அது போதும். கீலில் 40 மிமீ தூரத்தில் அரை மில்லி ஆட்டம் இருந்தால், 550 மிமீ உயரச் சாய்மானத்தின் மேல் நுனியில் அது 7 மிமீ.

சுத்தியல் இல்லாமல் பின்னைத் தள்ளும் கருவியை வீட்டிலேயே செய்யலாம். கீழே உள்ள அளவு 8 மிமீ பின், 4 மிமீ பட்டைக்கு. வண்டிக்கு வண்டி மாறும், முதலில் வெர்னியர் (நுட்பமாக அளக்கும் அளவுகோல்) வைத்துப் பாருங்கள்.

வேண்டியது 4 இஞ்சு ஜி-கிளாம்ப். அடித்துச் செய்ததாக, அதாவது ஃபோர்ஜ்டாக இருக்க வேண்டும். மலிவான வார்ப்பிரும்புக் கிளாம்ப் பாரம் ஏறியதும் பட்டென்று உடையும். திருகின் நுனியில் சுழலும் வட்டை எடுத்துவிட்டு, நுனியைத் தட்டையாக்கி, நடுவில் 5 மிமீ ஓட்டை 9 மிமீ ஆழம் போடுங்கள். இஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) கம்பியில் 7.5 மிமீ விட்டம், 25 மிமீ நீளத்துக்கு ஒரு தள்ளுகட்டை, அதன் பின்பக்கம் 4.8 மிமீக்குக் கடைந்த 8 மிமீ நீள வால். வால் ஓட்டைக்குள் லூசாக உட்கார வேண்டும். இறுக்கமாக இருந்தால் திருகோடு சேர்ந்து தள்ளுகட்டையும் சுற்றிப் பின்னைச் சிராய்க்கும். கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். எதிர்ப்பக்கம் பின் வந்து விழ, அரை இஞ்சு டிரைவ் 14 மிமீ பாக்ஸ் ஸ்பேனர் சாக்கெட் ஒன்று. அதற்குப் பதில் ஜிஐ (துத்தநாகம் பூசிய) பைப்பை வெட்டி வெல்டு வைக்கப் போகாதீர்கள், துத்தநாகப் புகை ஆகாது.

ரெக்ளைனரில் சுருள் ஸ்பிரிங் இருந்தால் அதன் முறுக்கை இறக்காமல் பின்னைத் தொடவே கூடாது, விரல் போய்விடும். பிறகு ரிவெட் தலையை மட்டும் கிரைண்டரில் தேய்த்து எடுங்கள், பட்டையில் படக்கூடாது. முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் பாதித் திருகலிலேயே பின் நகரும். நகராவிட்டால் கிளாம்பை இறுக்கியபடியே விட்டு, சாக்கெட் பக்கம் லேசாகச் சூடு காட்டுங்கள். சீட்டுப் பஞ்சு, ரெக்சின் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

ஓட்டையை 10 மிமீக்கு ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) போடுங்கள், டிரில் மட்டும் போதாது. நீள்வட்ட ஓட்டையில் டிரில் தேய்ந்த பக்கமாகவே இழுத்துக்கொண்டு போய் மையம் மாறும். புஷ் கன்மெட்டலில்: உள்ளே 8, வெளியே 10.02, நீளம் 4 மிமீ, 12 மிமீ விட்டத்தில் 1 மிமீ காலர் (விளிம்பு). எம்6 போல்ட், ரெண்டு தடித்த வாஷர், நட்டு வைத்து இழுத்தாலே உட்கார்ந்துவிடும். உட்கார்ந்ததும் உள்விட்டம் சுருங்கும், 8 மிமீ ரீமர் ஒரு தரம் விட்டாக வேண்டும். பலரும் செய்யாமல் விட்டுவிடும் வேலை இது, பின் ஏறாமல் அடித்து ஏற்றிக் கெடுப்பதும் இங்கேதான். ரெண்டு காலரும் பட்டைகளுக்கு நடுவே எதிரெதிராக வரும், ஆகவே அங்கிருந்த பழைய 2 மிமீ வாஷரை எடுத்துவிடுங்கள். பின் இஎன்8, நுனியில் ஸ்பிலிட் பின் (கழலாமல் தடுக்கும் பிளவுக் கம்பி) ஓட்டை. வெல்டிங்கே வேண்டாம், அடுத்த முறை பிரிப்பது சுலபம்.

புஷ்ஷும் பின்னும் கடைவதற்கு மட்டும் லேத் வேண்டும். புதூர், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் லேத்துக்குப் பஞ்சமில்லை. படம் வரைந்து அளவு எழுதிக் கொடுங்கள், கீலைக் கொடுக்காதீர்கள்.

முழு வேலையையும் வெளியே கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், புஷ்ஷைக் கூட்டுவதற்கு முன் கையில் வாங்கிக் காந்தம் வையுங்கள். கன்மெட்டல் ஒட்டாது. கூட்டிய பிறகு சோதித்தால் சுற்றியுள்ள இரும்புதான் இழுக்கும், ஒன்றும் தெரியாது. பெயிண்ட் அடிக்காமல் தரச் சொல்லுங்கள். பழைய பின்களைத் திருப்பிக் கேளுங்கள். “தூக்கிப் போட்டுட்டோம்ணே” என்று பதில் வந்தால் அங்கேயே ஒரு கீலைப் பிரித்துக் காட்டச் சொல்லி, அதற்கப்புறம் பணத்தைக் கொடுங்கள்.