உடல்வாகா, பயிற்சியா: குத்துச்சண்டையில் எது எடுபடும்?

குளச்சல், முட்டம் பக்கம் கரமடி (கரையில் நின்று இழுக்கும் பெரிய மீன்வலை) இழுத்து வளர்ந்த பையன்களின் தோளைப் பார்த்தால், இவனிடம் எந்த பாக்ஸர் நிற்பான் என்று தோன்றும். ஓரளவு சரிதான். அமெரிக்காவின் டியான்டே வைல்டர் 20 வயதில்தான் குத்துச்சண்டைக்கு வந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிவிட்டார். அவருக்கு இருக்கும் கை நீளத்தை எந்தப் பயிற்சியாளரும் தரமுடியாது.

ஆனால் வளையத்துக்குள் முதலில் கைவிடுவது மூச்சு. பழகாதவன் ஒவ்வொரு குத்துக்கும் உடம்பை முறுக்கி மூச்சை அடக்குவான். 3 நிமிடச் சுற்று முடியும் முன்பே கை இறங்கிவிடும். பழகியவனோ எதிராளியின் தோள் அசைவிலேயே குத்து வருவதைப் படித்து விலகிவிடுவான். இது பல வருட ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில்தான் வரும். நம்மூர் தற்காப்புக் கலையான அடிமுறையிலும் காலடிச் சுவட்டுக்கு எவ்வளவு நேரம் போகிறது, பாருங்கள்.

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த யுஎஃப்சி போட்டியில் சாம்பியனாக இருந்த பிரான்சிஸ் இங்கானு, 2023-இல் தன் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டையிலேயே ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் டைசன் ஃபியூரியைக் கீழே விழவைத்தார். ஆனாலும் புள்ளிகளில் தோற்றார். அடுத்த ஆண்டு முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஆன்டனி ஜோஷுவா இங்கானுவை 2-ஆம் சுற்றிலேயே சாய்த்துவிட்டார்.

என் ஓட்டு பயிற்சிக்கே. எடையில் 20 கிலோ வித்தியாசம் இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிப்பேன்.