உவர்மலையில கட்டுரைக்குத் திட்டம் போடப் பழக்குற சேர்: ரெண்டு தரம் போய்வந்த கதை

வெளிவாரியா பிஏ செய்யிற ஆக்களுக்குப் பிரயோசனப்படும் எண்டு இத எழுதுறன். திருகோணமலையில உவர்மலைப் பக்கம் ஓய்வுபெற்ற தமிழ் சேர் ஒராள் வீட்டு விறாந்தையில வச்சு கட்டுரைக்குத் திட்டம் போட மட்டும் சொல்லித் தாறார், ஒருக்காப் போனா 1500 ரூவா, ரெண்டு மணித்தியாலம் எண்டுதான் சொல்லுவார் ஆனா மூண்டு தாண்டும். பேர் போட வேண்டாம் எண்டு அவரே சொன்னவர். எழுதியும் தரமாட்டார், அத முதல்லயே சொல்லிப்போடுறன், எனக்குத் தெரிஞ்ச பிள்ளை ஒண்டு எழுதித் தருவார் எண்டு நம்பிப் போய் கோவத்தில திரும்பி வந்தது.

என்ர தலைப்பு, யாழ்ப்பாணத்துச் சாதி ஒடுக்குமுறைய எழுதின ஈழத்து நாவலாசிரியர் கே. டானியலின்ர நாவல்கள்ல பேசுபொருளும் மொழிநடையும். நான் வீட்டில இருந்து கொண்டு போன திட்டத்தில பிறப்பு, அரசியல், எழுதின நாவல்கள், விருது, பேசுபொருள், மொழிநடை, 1986ல தஞ்சாவூர்ல இறந்தது, முடிவுரை எண்டு வடிவா இலக்கம் போட்டு வச்சிருந்தன். சேர் கண்ணாடியப் போட்டுப் பாத்திட்டு, “பிள்ளை, இது கட்டுரையில்ல, றேடியோவில போற மரண அறிவித்தல்” எண்டார். எனக்கு முகம் சுருங்கிப் போச்சு, ஆனா திருப்பி வாசிச்சுப் பாத்தா உண்மையா அப்பிடித்தான் இருந்தது.

பிறகு டானியலின்ர பஞ்சமர் நாவல எடுத்து நடுவில ஒரு இடத்த விரிச்சார். கதைய விடு, ஆர் ஆர எப்பிடிக் கூப்பிடீனம் எண்டு மட்டும் பென்சிலால கோடு போடு எண்டார். அரை மணித்தியாலம் இதே வேலைதான். கீழ்ச்சாதி எண்டு ஒதுக்கப்பட்ட ஆக்களிட்ட இருந்து மேல போறது நயினார், நாச்சியார், மேல்சாதியிட்ட இருந்து கீழ வாறது வெறும் பேரும் அடா புடாவும். “இந்த மரியாதைச் சொல்லு எங்க மாறுது, எங்க வாயில வராம நிக்குது எண்டு தேடு, உன்ர கட்டுரை அங்கதான் கிடக்கு.” யாழ்ப்பாணப் பேச்சுவழக்கைச் சிறப்பாகக் கையாண்டுள்ளார் எண்டு நாங்க எல்லாரும் கடைசிப் பக்கத்தில எழுதுற வசனம் இருக்கே, அதுக்கு நேரா ஒரு சிவப்புக் கோடு. அந்தச் சொல்லுக்குள்ளதான் சாதியே இருக்கெண்டா பேசுபொருள் ஒரு தலைப்பு நடை இன்னொரு தலைப்பு எண்டு எப்பிடிப் பிரிக்கிறது? நான் மூண்டு வருசம் படிச்சும் இத ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல.

ஆண்டுகளையும் சும்மா எழுத விடமாட்டார். சாதி சொல்லி ஆக்களத் தடுக்கக்கூடாது எண்ட சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957, யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டம் 1968, பஞ்சமர் 1972, இந்த மூண்டையும் ஒரு வரியில போட்டிட்டு, சட்டம் வந்து 11 வருசத்துக்குப் பிறகும் ஏன் கோயில் வாசல்ல நிக்க வேண்டி வந்தது, அதுக்கு நாவல் என்ன மறுமொழி சொல்லுது எண்டு கேட்டார். அந்தக் கேள்விதான் இப்ப என்ர முதல் பந்தி. மதம் மாறியும் சாதி விடாத கதைக்குக் ‘கானல்’ நாவல், கிணத்துப் பிரச்சினைக்குத் ‘தண்ணீர்’ நாவல், ரெண்டுக்கும் ஒவ்வொரு பந்தி, மற்ற நாவல்கள் வேண்டாமாம்.

டானியல எனக்குப் பிடிக்கும் எண்டபடியா பிரச்சார வாடை அடிக்குது, கட்டமைப்பு தளர்வு எண்டு விமர்சகர்கள் சொல்றத நான் திட்டத்தில சேக்கவே இல்ல. சேர் கண்டுபிடிச்சிட்டார். “எதிராளியக் கூப்பிட்டு கதிரை போட்டு இருத்திப்போட்டுச் சண்டை பிடி.”

குறை இல்லாமலும் இல்ல. போன் எடுக்க மாட்டார், வட்ஸ்அப் இல்ல, தேத்தண்ணி வந்தா பழைய பள்ளிக்கூடக் கதை தொடங்கி அரை மணித்தியாலம் போயிடும், அதுக்கும் சேத்துத்தான் காசு. புத்தகம் வாசிக்காமப் போனா படலையிலயே திருப்பி அனுப்புவார் (நூலகம் இணையத்தளத்தில ஈழத்துப் புத்தகங்கள் சும்மா கிடக்கு, தேடிப் பாத்திட்டுப் போங்கோ). கையால எழுதித்தான் திட்டம் தருவார், அத நான் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு கடையில டைப் அடிக்கக் குடுத்து அவங்கள் பாமினி எண்ட யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருவில அடிச்சு அனுப்பி என்ர போன்ல திறந்தா முழுக்க இங்கிலீஷ் எழுத்தாக் கொட்டிக் கிடந்தது, 400 ரூவா தண்டம், பேந்து இரவு இருந்து நானே அடிச்சன். அது சேரின்ர பிழை இல்ல.

அஞ்சுக்கு நாலு குடுப்பன். சனிக்கிழமை மூண்டு மணிக்குப் பிறகு மட்டும்தான் ஆளப் பிடிக்கலாம், பென்சில் நீங்களே கொண்டு போங்கோ, அவரிட்ட இருக்கிறது சிவப்புப் பேனை மட்டும்.