தாய் கிரீன் கறிப் பொடி: வாங்கலாமா?

இந்திராநகர் சூப்பர்மார்க்கெட் ஒன்றில் வாங்கிய இந்தப் பொடி, உள்ளதைச் சொன்னால், எலுமிச்சை வாசனை தூவிய சாம்பார்ப்பொடிதான். லேபிளில் அதிகம் உள்ள பொருள்தான் முதலில் வரும்; இதில் முதலில் உப்பு, அடுத்து சர்க்கரை! அப்புறம் எங்கே தாய்லாந்து?

அங்கே இது பொடியே அல்ல, பச்சை மிளகாய், எலுமிச்சைப்புல், கலங்கல் என்ற இஞ்சி மாதிரியான கிழங்கு, காஃபிர் லைம் என்ற சொரசொரப்பான எலுமிச்சையின் தோல், மல்லி வேர், பூண்டு, சின்ன வெங்காயம், வெள்ளை மிளகு, இறால் விழுது எல்லாம் சேர்த்து உரலில் இடிக்கிற ஈர விழுது. காய்ந்தால் பாதி மணம் போய்விடும்.

மல்லி வேருக்கு அலைய வேண்டாம், பெங்களூருச் சந்தையில் கட்டோடு வருவதை நாம்தான் வெட்டி எறிகிறோம். கலங்கல் நம் பேரரத்தைதான், ஆனால் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ந்த துண்டைப் போட்டால் கறி கஷாயமாகிவிடும். அதற்கு இஞ்சியே தேவலை, அளவைக் குறைத்துப் போடுங்கள். கறியில் போடும் காஃபிர் லைம் இலைக்குப் பதில் இளம் நார்த்தை இலை, நடு நரம்பைக் கிழித்துவிட்டு. மணம் அதேதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தேங்காய்ப்பாலில் நன்றாகவே எடுபடுகிறது.

சைவக்காரர்கள் பாட்டில் விழுது வாங்கினால் இறால் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மசமன் என்ற இன்னொரு தாய்லாந்துக் கறிக்கு மட்டும் பட்டை, கிராம்பு, ஏலக்காய் என்று பாதிச் சாமான் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கும்.